பி12 வைட்டமின்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பி12 பற்றிப் பேச்சு எழுந்தால் இதே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது. மருந்தளவு என்று இங்கே வருவதெல்லாம் பொதுவான வழக்கம். உங்கள் அளவை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பி12-ன்னா என்ன? உடம்புல அதுக்கு என்ன வேலை?

அதன் வேதிப்பெயர் கோபாலமின். நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும் வைட்டமின் அது. உடம்பில் அதற்கு முக்கியமாக இரண்டு வேலை. ஒன்று, புது செல்கள் உருவாகும்போது டி.என்.ஏ. சரியாகப் படியெடுக்கப்பட உதவுவது. நாள்தோறும் புது ரத்த அணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜைதான் அதனால் குறைபாட்டில் முதலில் தடுமாறும். இரண்டு, நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைப் பழுதில்லாமல் வைத்திருப்பது.

இதை எந்தச் செடியும் மரமும் தயாரிப்பதில்லை. ஆடு மாடுகூடத் தானாகச் செய்வதில்லை. சில நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. பசுவின் முன்வயிற்றில் இருக்கும் பாக்டீரியா, புல்லில் உள்ள கோபால்ட்டை வைத்து பி12 செய்ய, அது பாலுக்கும் கறிக்கும் போகிறது. நம் பெருங்குடலிலும் அப்படிப்பட்ட பாக்டீரியா உண்டு. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத் தாண்டிய பிறகு உண்டாவது நமக்குப் பயன்படாமல் வெளியே போய்விடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?

பெரியவர்களுக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தேவை இவ்வளவு சிறிதாக இருந்தும் குறைபாடு இவ்வளவு பரவலாக இருக்கக் காரணம், அது கிடைக்கும் இடங்கள் குறைவு, உடம்புக்குள் ஏறும் வழியும் குறுகல்.

எந்தச் சாப்பாட்டுல இருக்கு? கணக்காச் சொல்லுங்க.

100 கிராமுக்குத் தோராயமாகச் சொல்கிறோம். சாளை, அயிலை மீன்களில் 8 முதல் 9 மைக்ரோகிராம். ஆட்டுக்கறியில் 2 முதல் 2.5. கோழிக்கறியில் 0.3 அளவுதான். வாரம் ஒருநாள் பரோட்டாவும் கோழிச் சால்னாவும் சாப்பிடுகிறவர் அதை வைத்து ‘நான் அசைவம், எனக்குக் குறையாது’ என்று இருந்துவிடக் கூடாது. ஆட்டு ஈரலில் 60-க்கு மேல் இருக்கும். பாலில் 100 மில்லிக்கு 0.4 அளவு, தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவே.

ஒரு கோழி முட்டையில் அரை மைக்ரோகிராம் இருக்கிறது, பெரும்பாலும் மஞ்சள் கருவில். அதிலும் உடம்பு உறிஞ்சுவது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு முட்டைக் கணக்கு சுத்தமாக உதவாது.

நெய்யில் இல்லை. பி12 தண்ணீரில் கரைவது, கொழுப்பில் தங்காது. வெண்ணெய் கடைந்தால் பி12 மோரோடு போய்விடும். அதனால் நம்மூர் அல்வாவில் நெய் எவ்வளவு மிதந்தாலும் பி12-க்கு அது கணக்கில்லை. சொதிக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலும் அப்படியே. பெயரில் பால் இருந்தாலும் அது தாவரம்.

நாங்க சுத்த சைவம். ஆனா பாலு, தயிரு, மோரு எல்லாம் தினம் சேர்க்கோம். அது போதாதா?

அளவைப் பொறுத்தது. மேலே சொன்ன கணக்குப்படி நாள் தேவையைப் பாலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமென்றால் பாலும் தயிருமாகச் சுமார் 600 மில்லி வேண்டும். ஒரு டம்ளர் காப்பியில் அல்லது டீயில் போகும் பால் 60 மில்லி என்று வைத்தால், மூன்று டீ குடித்தாலும் முக்கால் மைக்ரோகிராமைத் தொடாது. சாப்பாட்டு முடிவில் ஊற்றிக்கொள்ளும் மோர், ஒரு கரண்டித் தயிரில் ஒரு சொம்புத் தண்ணீர் என்றால், அதைச் சேர்க்காமலே கணக்குப் போடலாம்.

பாலை நெடுநேரம் கொதிக்கவிட்டால் பி12 அழியும். அரைமணி நேரம் கொதித்த பாலில் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சுகிறது. ஒரு கொதி வந்ததும் இறக்குவது நல்லது. அடுப்பில் மணிக்கணக்காகக் காயும் பாலில் போடும் டீயை பி12-க்காக நம்ப வேண்டாம்.

காலையில் ஒரு டம்ளர், இரவு ஒரு டம்ளர், மதியம் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் என்று தினமும் தவறாமல் எடுக்கிற, வயிறும் குடலும் நன்றாக உள்ள இளவயதுக்காரருக்குப் போதலாம். அந்த அளவு எடுக்காத சைவர்கள் எல்லாருமே ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு மாத்திரையை வழக்கமாக்கிக்கொள்வதுதான் எங்கள் கருத்து. சைவம் சாப்பிடுவதில் குறையொன்றும் இல்லை. இந்த ஒரு சத்தை மட்டும் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும். கடையில் கிடைக்கும் பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. அசைவம் என்று தயங்க வேண்டாம். மாத்திரையின் மேல் உறை விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இட்லி மாவு புளிக்குது, பழைய சோறு புளிக்குது. அதுல பாக்டீரியா இருக்குல்லா? அதுவே பி12 செய்யாதா?

பாக்டீரியா எல்லாம் பி12 செய்வதில்லை. மாவையும் பழைய சோற்றையும் புளிக்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் வகை. அவற்றில் பெரும்பாலானவை பி12 செய்யத் தெரியாதவை. எங்காவது சிறிதளவு உண்டானாலும் தினம் நம்பி இருக்கத்தக்க அளவு இல்லை. பழைய சோறும் நீத்தண்ணியும் வேறு பல வகையில் நல்லவைதாம், தாராளமாகச் சாப்பிடுங்கள். பி12 கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

முருங்கைக்கீரை, கருப்பட்டி, ஸ்பைருலினா மாத்திரை எல்லாம் சொல்லுதாங்களே?

முருங்கையில் ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலம் என்று வரும் இன்னொரு பி வைட்டமின்) உண்டு, இரும்பு உண்டு. பி12 இல்லை. கருப்பட்டியிலும் பி12 இல்லை. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே தோற்றமளிக்கும் வேறொரு பொருள். சில பரிசோதனைகள் அதையும் பி12 என்று எண்ணிக் காட்டும், உடம்போ அதைப் பயன்படுத்த முடியாது. பாசியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

ரேஷன் அரிசியில ஏதோ பிளாஸ்டிக் மாதிரி மணி கிடக்கு. அதுல பி12 இருக்குங்காங்க, நெசமா?

நிஜம். அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து பிசைந்து அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணி. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலக்கிறார்கள். பொறுக்கி எறிந்தால் சேர்த்த சத்தும் சேர்ந்தே போய்விடும்.

ஆனால் அளவைப் பாருங்கள். விதிப்படி கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12. ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 0.3 மைக்ரோகிராம் சேரும். தேவையில் ஏழெட்டில் ஒரு பங்கு. கழுவும்போதும் கஞ்சியை வடிக்கும்போதும் அதிலும் கொஞ்சம் போகும். கிடைத்தவரை நல்லது, தனியாக அது போதாது. ஏற்கெனவே குறைந்துபோன ஒருவரை இது மீட்காது.

எங்க ஆச்சி கவிச்சியே தொட்டதில்ல. தொண்ணூறு வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?

பல வீடுகளில் உண்மைதான். வீட்டிலேயே மாடு இருந்தது. கறந்த பாலும் கடைந்த மோரும் வேண்டுமளவு கிடைத்தன. இன்று அளந்து வாங்கும் அரை லிட்டர்ப் பால் நான்கு பேருக்கு. சர்க்கரை மாத்திரையும் நெஞ்செரிச்சல் மாத்திரையும் வருடக்கணக்கில் போடும் வழக்கம் அன்று இல்லை. நம் உடம்பில், முக்கியமாக ஈரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 இருப்பு இருக்கும் என்பதால், குறைவாகச் சாப்பிட்டாலும் பல ஆண்டுகள் ஓடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால் தடுமாற்றம், ஞாபக மறதி, வெளிறல் எல்லாவற்றையும் ‘வயசாயிட்டு’ என்று விட்ட காலம் அது. யாருக்குக் குறைந்திருந்தது என்று அன்று பார்த்தவர் இல்லை.

குறைஞ்சா எப்படித் தெரியும்?

மெல்லத் தெரியும், அதுதான் சிக்கல். அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் ஆகியவை ரத்தசோகையின் அடையாளங்கள். நாக்கு வழவழப்பாகிச் சிவந்து, காரம் பட்டால் எரியும். நம் நிறத்தவர்களுக்கு இன்னொரு அடையாளம் தெளிவாகத் தெரியும்: கைவிரல் மொளிகள், உள்ளங்கை ரேகைகள், கால்விரல்கள் கறுத்துப்போதல். தேய்த்துக் கழுவினாலும் போகாது. பி12 ஏறிய பின் சில மாதங்களில் தானே மாறும்.

நரம்பு அடையாளங்களைத்தான் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பாதங்களிலும் எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல். நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் போவது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவது. வெளிச்சத்தில் நடக்கிறவர் இருட்டில் சுவரைப் பிடிப்பது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தண்டுவடப் பாதை பழுதாவதால் வருபவை இவை. மறதி, எரிச்சல், மனச்சோர்வு, வயதானவர்களுக்குக் குழப்பம் ஆகியவையும் வரலாம். தள்ளாட்டம் தொடங்கிவிட்டால் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காமல், ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியோ வேறு நரம்பு மருத்துவரோ, உடனே காட்டுங்கள்.

இளநரைக்கும் இதுதான் காரணமா என்று கேட்பார்கள். சிலருக்குத் தொடர்பு இருக்கலாம். பரம்பரையாக நரைப்பவர்களுக்கு பி12 கொடுத்து முடி கறுக்காது.

நான் பீடி சுத்துதேன். ராத்திரி கை மரத்துப் போயி முழிப்பு வந்துருது. பி12 குறைவா?

எந்த விரல்கள் என்று கவனியுங்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றும், இரவில், கையை உதறினால் சற்றுத் தேவலை என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாள் முழுக்க விரலையும் மணிக்கட்டையும் மடக்கி வேலை செய்பவர்களுக்கு அது வரும். அதற்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, ஓய்வு, தேவைப்பட்டால் சிறு அறுவை சிகிச்சை என்று வழி வேறு. தைராய்டு, சர்க்கரையும் பார்ப்பார்கள்.

இரண்டு பாதங்களும் சேர்ந்து, அல்லது கையும் காலும் ஒன்றாக மரத்தால் பி12, சர்க்கரை இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

ரத்தம் நல்லாத்தான் இருக்கு, ஹீமோகுளோபின் 13-ன்னு சொல்லிட்டாங்க. பின்ன எப்படி பி12 குறையும்?

ரத்தசோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படலாம். இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் ‘ரத்தம் சரி’ என்ற ஒரு சொல்லிலேயே பலருக்குத் தேடல் நின்றுவிடுகிறது.

பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும். ரத்த எண்ணிக்கை அறிக்கையில் எம்.சி.வி. என்ற எண் 100-ஐத் தாண்டும். ஆனால் கூடவே இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் அது அணுவைச் சிறிதாக்கும். ஒன்று இழுக்க மற்றொன்று தள்ள, எம்.சி.வி. சரியாக இருப்பது போல் நிற்கும். நம்மூர்ப் பெண்களிடம் இந்தக் கலப்பு அதிகம். ரத்தப் பூச்சைக் கண்ணாடியில் பார்க்கும்போது வெள்ளையணுவின் உட்கரு ஐந்தாறு துண்டாகப் பிரிந்திருந்தால் பி12, ஃபோலேட் இரண்டில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

பி12 டெஸ்டுல 230-ன்னு வந்திருக்கு. நார்மல்னு போட்டிருக்கு. விட்டுரலாமா?

மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை நடுநிலம். 230-இல் அறிகுறியோடு இருப்பவரும் உண்டு, ஒன்றுமில்லாமல் இருப்பவரும் உண்டு. அறிகுறி இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகிய இரண்டில் ஒன்றைப் பார்ப்பார்கள். செல்லுக்குள் பி12 போதவில்லை என்றால் இவை ரத்தத்தில் ஏறும். சிறுநீரகக் கோளாறில் இரண்டும் ஏறும், ஃபோலேட் குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும் என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். அந்தச் சோதனைக்குச் செலவு அதிகம் என்றால், அறிகுறி தெளிவாக இருக்கும் நிலையில் சிகிச்சையைத் தொடங்கிப் பார்ப்பதும் ஏற்ற வழிதான்.

இரண்டு எச்சரிக்கை. சில ஆய்வகங்கள் பிக்கோமோல் அலகில் தரும். அங்கே 148 என்பது இங்கே 200. எண்ணை மட்டும் ஒப்பிடாமல் அலகையும் பாருங்கள். அடுத்தது, ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு போய் ரத்தம் கொடுக்காதீர்கள். அப்புறம் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. முதலில் ரத்தம், பிறகு மருந்து.

சுகர் மாத்திரை போட்டா பி12 குறையும்ங்காங்க. நிறுத்திரவா?

நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மின் என்ற மாத்திரை சிறுகுடலின் கடைசியில் பி12 ஏறுவதைக் குறைக்கும். நாளைக்கு 1500, 2000 மில்லிகிராம் என்று நான்கைந்து வருடங்களுக்கு மேல் எடுப்பவர்களுக்கு இது கூடுதல். மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அதை விடுவதைவிட, வருடத்துக்கு ஒருமுறை பி12 பார்த்து, குறைந்தால் மாத்திரை சேர்ப்பதே முறை.

இதில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. சர்க்கரைக்காரருக்குப் பாதம் எரிந்தால் எல்லாரும் சர்க்கரை மேலேயே பழியைப் போட்டுவிடுவார்கள். சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பை முழுதாகத் திருப்புவது கடினம். பி12 குறைவால் வந்ததை நேரத்தில் பிடித்தால் திருப்பலாம். அதனால் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் போன்ற நெஞ்செரிச்சல் மாத்திரைகளை வருடக்கணக்கில் காலையில் போடுபவர்களுக்கும் இதே அறிவுரை. அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வாரம் மூணு நாள் மீன் சாப்பிடுதோம். உவரியில இருந்து வீட்டுக்கே வருது. எங்க மாமாவுக்கு எப்படிக் குறைஞ்சது?

வாயில் போவது வேறு, ரத்தத்தில் ஏறுவது வேறு. மீனிலும் கறியிலும் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். இரைப்பை அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் உள்ளார்ந்த காரணி என்ற புரதம் அதைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். எந்தப் படி கெட்டாலும் பி12 ஏறாது. வயதாக ஆக இரைப்பையில் அமிலம் குறைவது சாதாரணம். அதனால் அறுபது தாண்டியவர் அசைவம் என்பதாலேயே தப்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. உடம்பே தன் இரைப்பைச் செல்களைத் தாக்கி உள்ளார்ந்த காரணியை அழித்துவிடும் நோயும் உண்டு. இரைப்பையில் பகுதியை எடுத்தவர்கள், குடல் காசநோயில் சிறுகுடல் கடைசிப் பகுதியை வெட்டியவர்கள், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

நன்றாக வேலை செய்யும் வயிற்றில்கூட உள்ளார்ந்த காரணி ஒரு வேளைக்குப் பிடிப்பது 1.5 முதல் 2 மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் இருப்பதில் நூற்றுக்கு ஒன்றுபோலத்தான் தானாகக் கசிந்து ஏறும். ஒரே ஞாயிற்றுக்கிழமை ஈரலை நிறையச் சாப்பிடுவதைவிட, வாரத்தில் பல நாள் இரண்டு மூன்று சாளை சாப்பிடுவது உடம்பில் சேரும்.

பழைய வரலாறு ஒன்றும் இதோடு சேர்ந்தது. 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அதுவரை உயிரைக் குடித்த ஒருவகை ரத்தசோகை நோயாளிகளுக்கு லேசாக வேகவைத்த ஈரலை நாள்தோறும் கால் கிலோ வரை கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934-இல் விப்பிளோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த பொருள் பி12 என்று பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்தான். அந்த நோயாளிகளிடம் உள்ளார்ந்த காரணி இல்லை. அவ்வளவு ஈரல் தேவைப்பட்டதன் காரணம், மேலே சொன்ன நூற்றுக்கு ஒன்று என்ற கசிவு.

ஊசி போடணுமா, மாத்திரை போதுமா?

நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்கும் கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும் முதலில் ஊசி. வழக்கமாக 1000 மைக்ரோகிராம் தசையில், முதல் ஒன்றிரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இறங்கும். மற்றவர்களுக்கு நாளைக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். உறிஞ்சும் வழி கெட்டவருக்கும் அந்த நூற்றுக்கு ஒன்று கணக்கில் 10 மைக்ரோகிராம் ஏறும், தேவைக்கு அது தாராளம். தவறாமல் போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவருக்குச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் நாட்களில் ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளாமல் மருத்துவமனையில் இருப்பது நல்லது.

சயனோகோபாலமின்னு போட்டிருக்கு. சயனைடுன்னா விஷமில்லையா? மெத்தில் தான் நல்லதா?

1000 மைக்ரோகிராம் சயனோகோபாலமினில் சயனைடு பங்கு சுமார் 20 மைக்ரோகிராம். உடம்பு அதைச் சாதாரணமாக வெளியேற்றிவிடும். ரத்தத்தை ஏற்றவும் குறைபாட்டைப் போக்கவும் சயனோ, மெத்தில், ஹைட்ராக்ஸோ மூன்றும் வேலை செய்கின்றன. சயனோ நிலையானது, மலிவானது. மக்கள் மருந்தகத்தில் எது கிடைக்கிறதோ அதைத் தொடர்ந்து எடுப்பதே முக்கியம். மெத்தில் வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும், அட்டையைப் பிரித்து ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

மெடிக்கல்ல நரம்பு மாத்திரைன்னு கேட்டா ஒண்ணு குடுக்காங்க. வருசமாப் போடுதேன். எரிச்சல் போகவே இல்லையே?

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாதாரண பி காம்ப்ளெக்ஸ் பலவற்றில் பி12 இருப்பது 15 மைக்ரோகிராமோ அதற்கும் கீழோதான். குறைபாட்டைச் சரிசெய்ய அது போதாது. சிலவற்றில் பிரீகாபலின் என்ற மருந்து சேர்ந்திருக்கும். அது வலியை அமுக்கும், தூக்கமும் தலைசுற்றலும் தரும், வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள வழி செய்யும். மருத்துவர் சொல்லாமல் அதைப் போடவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மூன்றாவது, பி6 எனும் பைரிடாக்ஸின். நாளைக்கு 100 மில்லிகிராம் அளவில் நெடுங்காலம் எடுத்தால் அதுவே பாதத்தை மரக்கச் செய்யும். எரிச்சலுக்கு என்று போடும் மாத்திரையே எரிச்சலை வளர்க்கும் நிலை இது. இரண்டு மூன்று சத்து மாத்திரைகளைச் சேர்த்துப் போடுபவர்கள் பி6 அளவைக் கூட்டிப் பாருங்கள்.

மாத்திரை போட்டா மூத்திரம் மஞ்சளாப் போகுதே?

அது பி2-வின் நிறம். பயமில்லை.

எத்தனை நாள்ல சரியாகும்? அப்புறம் நிறுத்தலாமா?

அசதி சில நாட்களிலேயே தெளியத் தொடங்கும். புது அணுக்கள் ஒரு வாரத்தில் ரத்தத்தில் தெரியும். ஹீமோகுளோபின் சீராக ஆறு முதல் எட்டு வாரம். நரம்புக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். பாதிப்பு எவ்வளவு நாள் இருந்தது என்பதைப் பொறுத்துச் சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும். முதல் வாரங்களில் ஊர்வது போன்ற உணர்வு கூடினாற்போல் இருந்தால் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

நிறுத்துவது காரணத்தைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் தொடரும்வரை, பால் குறைந்த சைவ உணவு தொடரும்வரை பி12-உம் தொடர வேண்டும். உள்ளார்ந்த காரணி இல்லாதவருக்கும் குடலின் கடைசிப் பகுதி எடுத்தவருக்கும் ஆயுள் முழுக்க. ஐந்து ஊசி போட்டு ‘கோர்ஸ் முடிஞ்சிட்டு’ என்று நிறுத்துவதுதான் இங்கே மிகுதியாகக் காணும் தவறு.

முழுகாம இருக்கேன். நர்ஸம்மா குடுக்கிற சத்து மாத்திரையில எல்லாம் இருக்கும்லா?

அரசு தரும் அந்த மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரண்டும் மிக அவசியம், தவறாமல் போடுங்கள். பி12 அதில் இல்லை. சைவமாக இருந்தால் பி12-ஐத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஈரலை இந்தச் சமயத்தில் அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கேடு.

ஃபோலிக் அமிலம் என்றதும் நினைவுக்கு வர வேண்டியவர்கள் இருவர். பம்பாயில் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை 1930 வாக்கில் ஆராய்ந்த லூசி வில்ஸ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் 1940-களில் ஃபோலிக் அமிலத்தைச் செய்து காட்டிய குழுவை நடத்திய சுப்பாராவ். அது வந்த புதிதில் பி12 குறைந்தவர்களுக்கு அதை மட்டும் கொடுத்தார்கள். ரத்தம் ஏறியது, நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே போனது. இன்றும் காரணம் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மாதக்கணக்கில் போட்டால் அதே நடக்கும்.

பிள்ளைக்கு எட்டு மாசம். முன்னாடி சிரிச்சான், கழுத்து நின்னுச்சு. இப்ப மந்தமா இருக்கான். தாய்ப்பால் மட்டுந்தான். என்னவா இருக்கும்?

கற்றதை மறந்து பின்னால் போகும் குழந்தையை அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் பல இருக்கலாம். அவற்றில் சரிசெய்யக்கூடிய ஒன்று பி12 குறைவு. தாயிடம் இல்லாதது தாய்ப்பாலிலும் இருக்காது. வெளிறிய முகம், செம்பட்டை பாய்ந்த முடி, கறுத்த விரல் மொளி, கை தலை நடுக்கம் ஆகியவை சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும்.

குழந்தைக்கும் தாய்க்கும் சேர்த்தே ரத்தம் பார்த்துச் சேர்த்தே சிகிச்சை செய்வார்கள். சில நாட்களிலேயே குழந்தை முகம் பார்க்கத் தொடங்கும். சிலருக்கு மருந்து தொடங்கியதும் நடுக்கம் கொஞ்ச நாள் கூடலாம், அதற்காகவே மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவும் கட்டாயம் தொடங்க வேண்டும்.

இப்ப பார்த்தா 2000-க்கு மேலன்னு வருது. விஷமாயிருமா?

ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு அப்படித்தான் வரும். மிகுந்தது சிறுநீரில் போகும். சிலருக்கு முகப்பரு வரும், அவ்வளவுதான். மருந்தே எடுக்காத ஒருவருக்கு எண் இப்படி உயர்ந்திருந்தால் அது வேறு சங்கதி. ஈரல், சிறுநீரகம், ரத்த நோய்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டிய குறிப்பு.

அம்மாவுக்கு ஆபரேஷன் வச்சிருக்காங்க. பி12 குறைவுன்னு டாக்டர்கிட்ட சொல்லணுமா?

கட்டாயம், மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மயக்கத்துக்குப் பயன்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு பி12-இல் உள்ள கோபால்ட்டை மாற்றி அதைச் செயலிழக்க வைக்கும். இருப்பு நிறைய உள்ளவருக்கு அது தெரியாது. விளிம்பில் நிற்பவருக்கு அறுவை நன்றாக முடிந்த பிறகும், சில நாட்களிலோ வாரங்களிலோ கால் மரத்துத் தள்ளாட்டம் வரலாம். முன்கூட்டித் தெரிந்தால் வேறு மருந்தைப் பயன்படுத்துவார்கள், அல்லது பி12 ஊசி போட்டுவிட்டுச் செய்வார்கள். பழைய பி12 அறிக்கை, மாத்திரை அட்டை இரண்டையும் அறுவைக் கோப்போடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.